நகைச்சுவைக்கு உரை வேண்டுமா?

நகைச்சுவையை விளக்கப் புகுந்தவர் அதனைக் கொன்றுவிடுகிறார் என்பது பரவலாக நிலவும் கருத்தாகும். பகிடி ஒன்றைச் சொல்லி, கேட்டவர் சிரிக்காதபோது அதன் பொருளை எடுத்துரைக்க முற்பட்ட எவரும் இக்கருத்தின் உண்மையைத் தம் அனுபவத்தால் அறிவர். துன்பியல் நாடகமொன்றின் நுட்பங்களை விளக்கக் கேட்டபின் அந்நாடகத்தை மீண்டும் பார்ப்பவருக்குத் துயரம் குறைவதில்லை. சில வேளைகளில் கூடவுஞ் செய்கிறது. நகைச்சுவையோ எதிர்பாராமையையும் காலக்கணிப்பையும் நம்பி நிற்பது. ஆதலால், விளக்கம் அதற்குப் பகையென்று கொள்ளப்படுவது இயல்பே. இவ்வாறிருந்தும், நகைச்சுவைத் திரைப்படங்கள் டீவீடீ இறுவட்டுகளாக வெளிவந்த காலத்தில், அவற்றோடு மணிக்கணக்கான விளக்கங்களும் சேர்த்தே விற்கப்பட்டன. படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே நெறியாளரும் நடிகரும் அதனைப் பற்றிப் பேசும் உரைத்தடங்கள், நீக்கப்பட்ட காட்சிகள், படப்பிடிப்பில் நேர்ந்த தவறுகளின் தொகுப்புகள், படம் உருவான கதையைக் கூறும் விவரணப் படங்கள் என இவை பல வகைப்பட்டன. இவற்றாற் பயனுண்டா? அன்றி, விலையைக் கூட்டுவதற்காக வணிகர் இட்ட நிரப்பிகள்தாமா? இவ்வினா மேலோட்டமான பொழுதுபோக்கு வினாப்போலத் தோன்றினும், நகைச்சுவையை ஒரு கலையாக மதிப்பதா என்னும் பழைய வினாவே இதனுள் அடங்கியிருக்கிறது.

உரைத்தடத்தின் வரலாறு நகைச்சுவையோடு தொடங்கவில்லை. 1984ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கிறைற்றீரியன் நிறுவனம், 1933இல் வெளியான 'கிங் கொங்' படத்தை லேசர் தட்டில் வெளியிட்டது. அத்தட்டின் இன்னோர் ஒலித்தடத்தில், படம் ஓட ஓட, அது எடுக்கப்பட்ட முறையைத் திரைப்பட வரலாற்றறிஞரான ரொனால்ட் ஹேவர் விளக்கினார். இதுவே முதலாவது உரைத்தடமெனக் கொள்ளப்படுகிறது. அங்கு பேசியவர் படத்தை ஆக்கியவரல்லர், அதனைக் கற்றவர் என்பது மனங்கொள்ளத்தக்கது. பின்னர் 1996 நவம்பரில் யப்பானிலும் 1997இல் ஐக்கிய அமெரிக்காவிலும் டீவீடீ அறிமுகமாயிற்று. 8 ஒலித்தடங்கள் வரையும் 32 துணைத்தலைப்புத் தடங்கள் வரையும் கொள்ளத்தக்க இடம் அதில் இருந்தது. ஏற்கெனவே ஒளிநாடாவாக வாங்கிய படத்தையே மீண்டும் வாங்கச் செய்வதற்கு ஏதேனும் புதுமை காட்டவேண்டிய தேவை வணிகருக்கு இருந்தது. இவ்விரண்டும் சேர்ந்தபோது, கற்றவர் இருந்த ஆசனத்தில் ஆக்கியோர் வந்தமர்ந்தனர். உரை, அறிஞரின் விளக்கம் என்ற நிலையிலிருந்து கலைஞரின் அளவளாவலாக மாறிய வரலாறு இதுவாகும்.

இம்மாற்றத்தின் விளைவுகளைக் குறைகூறுவோரின் வாதங்கள் வலுவானவை. முதலாவதாக, நகைச்சுவைப் படத்தின் உயிர் உரையாடலிலும், உரையாடல்களுக்கிடையேயுள்ள மௌனத்திலும் தங்கியுள்ளது. அதன்மேல் இன்னொரு குரலை ஏற்றும்போது இரண்டும் கெடுகின்றன. இரண்டாவதாக, பல உரைத்தடங்களிற் பேசுவோர் ஒருவரையொருவர் பாராட்டுவதிலேயே காலத்தைக் கழிக்கின்றனர். அல்லது தம் பகிடிக்குத் தாமே சிரிக்கின்றனர். மூன்றாவதாக, நீக்கப்பட்ட காட்சிகளிற் பெரும்பாலானவை நீக்கப்படவேண்டியவையே. நான்காவதாக, நடிகர் வசனத்தை மறந்து சிரித்துவிடும் தவறுத் தொகுப்புகளில் நாம் காணும் சிரிப்பு படப்பிடிப்புத் தளத்துக்குரியது. படத்தின் சிரிப்போடு அதற்கு உறவில்லை. இவற்றோடு திறனாய்வாளர் வேறொரு தடையையும் எழுப்பலாம். ஆசிரியனின் நோக்கத்தைக் கொண்டு படைப்பின் பெறுமதியை அளவிடுதல் பிழையென்பதை விம்சற், பியர்ட்ஸ்லி ஆகிய இருவரும் 1946இல் எழுதிய கட்டுரையில் வாதிட்டனர். அவர்கள் 'நோக்கப் போலி' எனச் சுட்டிய அத்தவற்றையே உரைத்தடங்கள் வளர்க்கின்றன எனக் கூற இடமுண்டு. தான் சிரிக்க வைக்க எண்ணியதாக நெறியாளர் கூறுவதனால் எக்காட்சியும் சிரிப்பூட்டுவதாகிவிடாது.

இவ்வாதங்கள் யாவும், உரை என்பது சிரிப்பை உண்டாக்க அல்லது கூட்டப் பயன்படவேண்டுமென்ற எடுகோளின்மீது எழுப்பப்பட்டவை. அவ்வெடுகோளே ஆராயத்தக்கது. உரையின் பணி பற்றித் தமிழ் மரபு நீண்ட அனுபவம் உடையது. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எண்வகை மெய்ப்பாடுகளுள் நகையை முதலில் வைக்கிறார். எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கினை அதன் நிலைக்களன்களாக வகுக்கிறார். இளம்பூரணரும் பேராசிரியரும் இவற்றுக்கு உரை கண்டனர். அவ்வுரைகளைப் படித்து எவரும் சிரித்ததாகத் தெரியவில்லை. சிரிப்பு வரவில்லை என்பதற்காக அவ்வுரைகள் பயனற்றவையென எவரும் ஒதுக்கியதுமில்லை. சிரிப்பு எவ்வாறு பிறக்கிறது என்பதை அறிவதும் சிரிப்பதும் வெவ்வேறு செயல்கள். முதலாவது இரண்டாவதைத் தராவிட்டாலும் அதற்கெனத் தனிப் பயன் உண்டு. மேலும், நூலாசிரியர் தம் நூலுக்குத் தாமே உரை செய்தலும் தமிழுக்குப் புதிதன்று. வைத்தியநாத தேசிகர் 'இலக்கண விளக்கம்' என்னும் நூலுக்கும், சுவாமிநாத தேசிகர் 'இலக்கணக் கொத்து' என்னும் நூலுக்கும் தாமே உரை வரைந்தனர். அவை இலக்கண நூல்கள் என்பது இங்குக் கவனிக்கத்தக்கது. கவிஞர் தம் கவிதையின் சுவையை எடுத்துரைப்பது ஒன்று. தொழிலறிந்தவர் தம் தொழிலின் விதிகளை எடுத்துரைப்பது வேறொன்று. நகைச்சுவை இறுவட்டுகளின் உரைத்தடங்களை மதிப்பிடவும் இவ்வேறுபாடு துணைபுரியும்.

இதனை ஓர் எடுத்துக்காட்டாற் காணலாம். 'மொன்டி பைதன் அன்ட் த ஹோலி கிறெயில்' 1975இல் வெளிவந்த ஆங்கில நகைச்சுவைப் படமாகும். ஆதர் மன்னனின் புனிதக் கிண்ணத் தேடலை எள்ளி நகையாடும் இப்படத்தில், மன்னன் குதிரையின்றியே குதிரைச் சவாரி செய்கிறான். பின்னால் வரும் பணியாளன் இரண்டு சிரட்டைகளைத் தட்டிக் குளம்பொலி எழுப்புகிறான். 2001இல் வெளியான இதன் சிறப்பு இறுவட்டில் இரு உரைத்தடங்கள் உள்ளன. ஒன்றில், நெறியாளர்களான டெரி ஜோன்ஸும் டெரி கிலியமும் பேசுகின்றனர். மற்றதில், ஜோன் கிளீஸ், எரிக் ஐடில், மைக்கல் பேலின் ஆகியோர் பேசுகின்றனர். சிரட்டைப் பகிடி ஏன் சிரிப்பூட்டுகிறது என்ற விளக்கத்தை எவரும் தேடவேண்டியதில்லை. ஆனால், அப்படத்துக்கு உண்மைக் குதிரைகளை அமர்த்தப் பணமிருக்கவில்லை என்பதும், வானொலி நாடகங்களில் குளம்பொலி எழுப்பக் கையாளப்பட்ட பழைய உத்தியே திரையில் வெளிப்படையாகக் காட்டப்பட்டது என்பதும் அறியத்தக்க செய்திகளாகும். வறுமையை மறைக்க முயன்றிருந்தால் அது குறையாகத் தெரிந்திருக்கும். வெளிக்காட்டியபோது அதுவே படத்தின் அங்கதமாயிற்று.

இதே இறுவட்டில், பேலினும் ஜோன்ஸும் படம் எடுக்கப்பட்ட இடங்களை மீண்டுஞ் சென்று காணும் விவரணப் படமொன்றும் உண்டு. ஸ்கொட்லாந்திற் பல கோட்டைகளிற் படம்பிடிக்கத் திட்டமிட்டிருந்தும், இறுதி வேளையில் அனுமதி மறுக்கப்பட்டமையால், டூன் என்னும் ஒரே கோட்டையை வெவ்வேறு கோணங்களிற் காட்டிப் பல கோட்டைகளாகத் தோன்றச் செய்தனர். இதனை அறிந்தபின் படத்தை மீண்டும் பார்ப்பவர் குறைவாகச் சிரிப்பாரா? சிரிக்கலாம், சிரிக்காமலும் விடலாம். ஆனால், ஒளிப்பதிவாளரும் கலை நெறியாளரும் ஒரு பகிடிக்காகச் செய்த உழைப்பை அவர் காண்கிறார் என்பது உறுதி. நகைச்சுவை 'இலகுவானது' என்ற எண்ணம் அவரிடத்தில் மீண்டும் அவ்வாறே நிலைக்க முடியாது.

இவ்விறுவட்டில் வேறு சில இணைப்புகளும் உண்டு. படத்தை விரும்பாதவர்களுக்கென, சேக்ஸ்பியரின் 'நான்காம் ஹென்றி' இரண்டாம் பாகத்திலிருந்து எடுத்த வரிகளையே துணைத்தலைப்பாக இட்டுள்ளனர். கேட்டற் குறைபாடுடையோருக்கென ஒரு தெரிவை வைத்து, அதனைத் தெரிந்தவுடன் பட்டியலை உரத்த குரலில் கத்தி வாசிக்கச் செய்துள்ளனர். இங்கு இணைப்பே பகிடியாகிவிடுகிறது. விளக்கம் தரவேண்டிய இடத்தில் விளக்கம் தர மறுத்தல் ஒரு தனி உத்தி. அதன் முழு வளர்ச்சியை வேறொரு படத்திற் காணலாம்.

'திஸ் இஸ் ஸ்பைனல் டாப்' 1984இல் ரொப் ரைனரின் நெறியாளுகையில் வெளிவந்தது. கற்பனையான ஆங்கில இசைக் குழுவொன்றைப் பற்றிய விவரணப் படம்போல் இது அமைந்தது. உரையாடல்களிற் பெரும்பகுதி நடிகர் அவ்வப்போது தாமே புனைந்து பேசியவை. 1998இல் கிறைற்றீரியன் வெளியிட்ட இறுவட்டில், நடிகர்களான கிறிஸ்தோபர் கெஸ்ற், மைக்கல் மக்கீன், ஹரி ஷியரர் மூவரும் தம் சொந்தக் குரலிற் பேசும் உரைத்தடமும், ரைனர், தயாரிப்பாளர், படத்தொகுப்பாளர்கள் ஆகியோர் பேசும் உரைத்தடமும் அமைந்தன. 2000இல் எம்.ஜி.எம். நிறுவனம் வெளியிட்ட இறுவட்டிலோ, அதே மூன்று நடிகரும் தாம் ஏற்ற பாத்திரங்களாகவே தோன்றுகின்றனர். தம்மைப் பற்றி எடுக்கப்பட்ட 'விவரணப் படம்' தமக்கு அநீதி இழைத்துவிட்டதென அவ்விசைக் குழுவினர் படம் முழுவதும் முறையிடுகின்றனர். பின்னையது உரையெனும் வடிவத்தையே கேலிக்குரியதாக்குகிறது. முதுமையடைந்த கலைஞர் தம் பழைய புகழுக்குக் காரணங் கற்பிக்கும் வழக்கத்தை அது அங்கதஞ் செய்கிறது. 2008இல் வெளியான 'ட்ரொப்பிக் தண்டர்' படத்திலும் இதே போக்கைக் காணலாம். அப்படத்தில் ரொபேர்ட் டௌனி நடிக்கும் பாத்திரம், டீவீடீக்கான உரையைப் பேசி முடிக்கும்வரை ஏற்ற வேடத்தை விடுவதில்லை எனத் திரையிற் கூறுகிறது. இறுவட்டின் உரைத்தடத்தில் டௌனி அவ்வாறே வேடங்கலையாது பேசுகிறார்.

வேடமேற்ற உரை நகைச்சுவைக்கு இயைந்தது என்பதிலும், கேட்போருக்கு இன்பந் தருவது என்பதிலும் ஐயமில்லை. உரை சிரிப்பைக் கொல்லும் என்போருக்கு இது நேரடி மறுப்புமாகும். எனினும், அதனை மட்டும் உயர்த்தி, சொந்தக் குரலிலமைந்த உரைகளைத் தள்ளுவது பொருந்தாது. 'ஸ்பைனல் டாப்' போன்ற படத்தில் நடிகர் பேசியவற்றுட் பெரும்பகுதி வெட்டப்பட்டது. ஒரு மணி நேரத்துக்கு மேற்பட்ட நீக்கப்பட்ட பகுதிகள் 2000ஆம் ஆண்டு இறுவட்டில் தரப்பட்டன. படமோ ஏறத்தாழ 82 நிமிடங்களே கொண்டது. எழுத்துப் பிரதி முழுமையாக இல்லாத படத்தில் தொகுப்பாளரே எழுத்தாளராகிறார். அவர் எதனை வைத்தார், எதனை விட்டார் என்பதை அறியாமல் அப்படத்தின் கலையைப் பற்றிப் பேசுவது அரைகுறையாகவே அமையும். நீக்கப்பட்ட காட்சி தனியே நோக்கும்போது சலிப்பூட்டலாம். வைக்கப்பட்ட காட்சியோடு ஒப்பிடும்போது அது பாடமாகிறது.

இக்கூற்றுக்கு மிகச்சிறந்த சான்று, உரைத்தடம் என்பதே தோன்றாத காலத்திற் படமெடுத்த சார்லி சாப்ளினிடம் கிடைக்கிறது. தம் தொழில்முறையைச் சாப்ளின் எளிதில் வெளியிட்டவரல்லர். ஆயினும், 1916, 1917ஆம் ஆண்டுகளில் மியூச்சுவல் நிறுவனத்துக்காக அவர் எடுத்த குறும்படங்களின் பயன்படுத்தப்படாத சுருள்கள் அழியாது எஞ்சின. கெவின் பிறவுன்லோவும் டேவிட் கில்லும் அவற்றை ஆராய்ந்து 1983இல் 'அன்னோன் சாப்ளின்' என்னும் மூன்று பகுதித் தொலைக்காட்சி விவரணப் படத்தை ஆக்கினர். 1917இல் வெளியான 'தி இமிகிரன்ற்' கப்பலில் வரும் குடியேறிகளின் கதையாகவே பார்வையாளருக்குத் தெரியும். எஞ்சிய சுருள்களை வரிசைப்படுத்தியபோதோ, அது உணவகக் காட்சியோடு தொடங்கிய படமென்பதும், உணவகத்திற் சந்திக்கும் இருவருக்கும் முன்னறிமுகம் வேண்டியிருந்தமையாலேயே கப்பற் காட்சி பின்னர் எழுந்தது என்பதும் புலனாயின. பரிசாரகராக முதலில் ஹென்றி பேர்க்மன் நடித்தார். காட்சியில் அச்சம் போதாமையால் எரிக் கம்பெல் அவ்விடத்துக்கு வந்தார். காசில்லாத ஏழை, பரிசாரகரைக் கண்டு நடுங்கும்போது பார்வையாளர் சிரிப்பதற்குக் கம்பெல்லின் பேருருவம் வேண்டியிருந்தது. நகையின் அடியில் அச்சமும் பசியும் இருப்பதனைச் சாப்ளின் கோட்பாடாக எழுதிவைக்கவில்லை. எடுத்தும் அழித்தும் கண்டறிந்தார்.

'சிற்றி லைற்ஸ்' பற்றிய சான்றும் இத்தகையதே. 1928 இறுதியிற் படப்பிடிப்புத் தொடங்கிய இப்படம் 1931 சனவரியிலேயே திரைக்கு வந்தது. நடைபாதையின் இரும்புச் சட்டத்தில் சிக்கிய மரத்துண்டு ஒன்றைச் சாப்ளின் தம் கைத்தடியால் விடுவிக்க முயல்வதும், அற்பமான அச்செயலைப் பார்க்கக் கூட்டம் கூடுவதும் கொண்ட ஒரு காட்சி இதற்காக முழுமையாக எடுக்கப்பட்டது, பின்பு நீக்கப்பட்டது. 2013இல் வெளியான கிறைற்றீரியன் பதிப்பிலும் அக்காட்சி இணைப்பாக உண்டு. அது சிறந்த நகைச்சுவை என்பதைப் பார்ப்போர் எவரும் மறுக்கார். அவ்வாறாயின் ஏன் நீக்கினார்? படம் பார்வையற்ற பூக்காரியை நோக்கிச் செல்லவேண்டும். அக்காட்சி அவளை நோக்கிச் செல்லவில்லை. தனியே நின்று சிரிப்பூட்டுவது படத்துக்குத் தேவையானதாக இருக்கவேண்டியதில்லை என்ற கட்டுப்பாட்டை இதனிலும் தெளிவாக எந்த விரிவுரையும் கற்பிக்க முடியாது. அப்பூக்காரி ஓர் ஏழையைச் செல்வந்தனென எவ்வாறு தவறாக எண்ணுவாள் என்ற சிக்கலும் அவ்வளவில் தீரவில்லை. மோட்டார் வண்டியின் கதவு சாத்தப்படும் ஒலியை அவள் கேட்கிறாள் என்ற விடையைக் காண்பதற்கு முன், சாப்ளின் அக்காட்சியை மீண்டும் மீண்டும் படம்பிடித்தார். பேசாப் படத்தில் ஒலியே திருப்புமுனையாயிற்று. பார்ப்பவருக்கு அது ஒரு கணத்தில் நிகழும் இயல்பான செயலாகத் தோன்றுகிறது.

இவற்றிலிருந்து ஓர் அளவுகோலை வகுக்கலாம். நகைச்சுவை, தன் உழைப்பை மறைப்பதில் ஏனைய கலைகளை விஞ்சியது. துன்பியல் நடிகரின் முயற்சி தெரிந்தால் பார்வையாளர் மதிக்கின்றனர். நகைச்சுவை நடிகரின் முயற்சி தெரிந்தால் சிரிப்பு நின்றுவிடுகிறது. ஆகவே, வெற்றி பெற்ற நகைச்சுவைக் கலைஞர் உழைக்காதவர்போலக் காணப்படுகிறார், உழைக்காதவராகவே மதிக்கவும்படுகிறார். விருதுகளும் பாடத்திட்டங்களும் ஆய்வேடுகளும் நகைச்சுவையைப் புறந்தள்ளுவதற்கு இம்மயக்கம் ஒரு காரணமாகும். இம்மயக்கத்தை நீக்கும் இணைப்பு பயனுடையது. அதனை வளர்க்கும் இணைப்பு பயனற்றது. தோற்ற முயற்சிகளையும், விடப்பட்ட வழிகளையும், பணமும் காலமும் இட்ட தடைகளையும் காட்டும் உரை முதல் வகையைச் சாரும். பாராட்டுரைகளும் தவறுத் தொகுப்புகளும் இரண்டாம் வகையின. தவறுத் தொகுப்பு படப்பிடிப்பை ஒரு விளையாட்டாகவே காட்டுவதால் மேற்சொன்ன மயக்கத்துக்கு உரமிடுகிறது என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது. நோக்கப் போலி பற்றிய தடையும் இவ்வளவுகோலின் முன் வலுவிழக்கிறது. கலைஞர் தம் நோக்கத்தைக் கூறும்போது அதனை ஏற்பதும் தள்ளுவதும் திறனாய்வாளரின் உரிமை. எடுத்துக் கைவிடப்பட்ட காட்சியோ நோக்கம் பற்றிய கூற்றன்று. செய்யப்பட்ட வேலைக்கு அது சான்று.

இச்சான்றுகள் நிலையானவையல்ல என்பதும் கருதத்தக்கது. 'ஹோலி கிறெயில்' படத்தில் ஆதர் மன்னனாக நடித்த கிரஹம் சப்மன் 1989இற் காலமானார்; 2001ஆம் ஆண்டின் உரைத்தடங்களில் அவர் குரல் இல்லை. டெரி ஜோன்ஸ் 2020இல் மறைந்தார். அவர் குரல் இருக்கிறது. தபால்மூலம் டீவீடீகளை வாடகைக்கு வழங்கும் பணியோடு 1998இல் தொடங்கிய நெற்பிளிக்ஸ் நிறுவனம், 2023 செப்டெம்பரில் அப்பணியை நிறுத்திக்கொண்டது. இணையவழித் திரையிடலிற் படம் கிடைக்கிறது; உரைத்தடம் பெரும்பாலும் கிடைப்பதில்லை. வணிகத் தேவையால் தோன்றியவை அத்தேவை நீங்கியதும் கைவிடப்படுகின்றன. நூலைப் பேணியவர் உரையை எரித்துவிட்டாற் போன்றது இச்செயல்.

தமிழ்த் திரையின் நிலை இதனினும் கவலைக்குரியது. 1964இல் ஸ்ரீதரின் நெறியாளுகையில் வெளிவந்த 'காதலிக்க நேரமில்லை' படத்தில், நாகேஷ் கதை சொல்ல, பாலையா அதனைக் கேட்டு அஞ்சும் காட்சி, தலைமுறைகளைக் கடந்தும் சிரிப்பூட்டுகிறது. அக்காட்சியில் எழுதப்பட்டது எவ்வளவு, ஒத்திகையிற் பிறந்தது எவ்வளவு, பாலையாவின் முகம் எத்தனை முறை படம்பிடிக்கப்பட்டது என்பவற்றை, அதனை ஆக்கிய அம்மூவரும் படத்தோடு இருந்து பேசக் கேட்கும் வாய்ப்பு இனி இல்லை. பாலையா 1972இலும், ஸ்ரீதர் 2008இலும், நாகேஷ் 2009இலும் மறைந்தனர். தமிழ் இறுவட்டு வணிகமோ, படங்களிலிருந்து நகைச்சுவைக் காட்சிகளைத் தனியே பிரித்துத் தொகுப்புகளாக விற்பதிலேயே ஊக்கங் காட்டியது. 'சிற்றி லைற்ஸ்' கற்பிக்கும் பாடத்துக்கு நேரெதிரானது இது. இலங்கையில் 1976இல் வெளிவந்த 'கோமாளிகள்' திரைப்படம் வானொலித் தொடரொன்றிலிருந்து உருவாகியது. காதுக்கென எழுந்த பகிடிகளுள் எவை கண்ணுக்கும் பொருந்தின, எவை கைவிடப்பட்டன என்பவை இந்நாட்டுத் தமிழ் நகைச்சுவை வரலாற்றின் மையமான வினாக்கள். இவற்றுக்கு விடை கூறக்கூடியவர் அத்தகைய ஆக்கங்களிற் பங்குகொண்டோரே. அவர்களிற் பலர் இன்றில்லை. எஞ்சியோரின் நினைவுகளைப் படக்காட்சியோடு இணைத்துப் பதிவுசெய்தற்கு ஹொலிவூட்டின் செல்வமும் வேண்டியதில்லை. ஒலிப்பதிவுக் கருவியும், கேட்கவேண்டிய வினாக்களை அறிந்த மாணவர் சிலரும் இருந்தாற் போதும்.

நகைச்சுவைக்கு உரை வேண்டுமா என்ற வினாவுக்கு, சிரிப்பதற்கு வேண்டியதில்லை என்பதே விடை. முதன்முறை படம் பார்ப்பவர் உரைத்தடத்தை நாடுவாராயின் அவர் தமக்குத்தாமே தீங்கு செய்தவராவார். சிரித்து முடித்தபின், அச்சிரிப்பைத் தந்தவர் எவ்வளவு பாடுபட்டார் என அறிய விரும்புவோருக்கு உரை வேண்டும். அவ்விருப்பமில்லாத சமுதாயம் தன் கோமாளிகளைக் கண்டு சிரிக்கும்; அவர்களைக் கலைஞரென மதிக்காது.